புல் விதைத்த இடத்தில் களைதான் முளைத்திருக்கிறது, என்ன மருந்து அடிக்கலாம்?

நீங்கள் கேட்டது இது: தேவிபட்டினம் பக்கம் வீட்டின் முன்னால் 1,500 சதுர அடியில் புரட்டாசிக் கடைசியில் பெர்முடா புல் விதை தூவினீர்கள். மூன்று வாரம் ஆகிவிட்டது, இரண்டு நல்ல மழையும் பெய்துவிட்டது. இப்போது புல்லைவிடக் களைதான் அதிகமாகத் தெரிகிறது. புல் சாகாமல் களை மட்டும் சாக எந்த மருந்து? கேள்வி மருந்தைப் பற்றியதாக இருந்தாலும் அதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. மூன்று வாரப் புல் எந்த மருந்தைத் தாங்கும் என்பது ஒன்று. இருக்கிற புல்லைக் காப்பாற்றுவதா, கொத்திவிட்டு மறுபடி விதைப்பதா என்பது மற்றொன்று. முதலாவதற்குப் பதில் சின்னது: இந்த வயதில் எதையும் அடிக்க வேண்டாம். இரண்டாவது கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டியது.

களைக்கொல்லி ஒன்று களையைக் கொன்று புல்லை விடுகிறது என்றால், பெரும்பாலும் வளர்ந்த புல் அந்த மருந்தைத் தன் உடம்புக்குள்ளேயே சிதைத்துவிடுகிறது என்றுதான் பொருள். இரண்டு மூன்று இலை விட்ட நாற்றுக்கு அந்தத் தெம்பு கிடையாது. வேரும் விரல்கடை ஆழம்கூடப் போயிருக்காது. கடையில் கேட்டால் பெண்டிமெத்தலின் எடுத்துக் கொடுப்பார்கள். அது முளைக்கும் விதைகளின் வேரையும் குருத்தையும் நிறுத்துகிற மருந்து. இன்னும் முளைக்காமல் கிடக்கும் உங்கள் புல் விதையும் அதற்குக் களைதான். முளைத்த களையை அது ஒன்றும் செய்யாது, அதோடு புல்லின் கணுக்கள் தரையில் வேர் பிடிப்பதையும் தடுக்கும். அட்ரசின், மெட்ரிபுசின் போன்ற களைக்கொல்லிகளை இந்த இடத்தில் நினைக்கவே வேண்டாம். அகன்ற இலைக் களைக்கு என்று 2,4-டி கொடுப்பார்கள். வளர்ந்த பெர்முடா அதைத் தாங்கும், நாற்று கருகும் அல்லது முறுக்கிக்கொண்டு நின்றுவிடும். நான்கு முறையாவது வெட்டிய பிறகே அதைப் பற்றிப் பேசலாம். அதைப் பின்னால் சொல்கிறேன்.

இப்போது முதலில் செய்ய வேண்டியது எண்ணுவது. ஓர் அடிக்கு ஓர் அடி சதுரமாகக் குச்சியாலோ கம்பியாலோ ஒரு சட்டம் செய்துகொள்ளுங்கள். திடலில் பத்து இடங்களில், நல்ல இடம் மோசமான இடம் என்று தேர்ந்தெடுக்காமல் அதைப் போட்டு, உள்ளே எத்தனை பெர்முடா நாற்று இருக்கிறது என்று மட்டும் பாருங்கள். களையை எண்ண வேண்டாம். சட்டத்துக்கு எட்டு, பத்து நாற்று இருந்தால் களை எவ்வளவு இருந்தாலும் இந்தப் புல்வெளி பிழைக்கும். பெர்முடா கொடி ஓடிப் பரவுகிற சாதி, இடைவெளியை அதுவே மூடும். மூன்றுக்குக் கீழே என்றால் உழைப்பைக் களையெடுப்பில் செலவழிக்காமல் அடுத்த விதைப்புக்கு நிலத்தைத் தயார் செய்வதே மேல். இடைப்பட்ட எண்ணிக்கை என்றால் உங்கள் கையிலிருக்கும் ஆள் பலத்தையும் பொறுமையையும் பார்த்து முடிவெடுங்கள். இந்த எண்கள் நடைமுறையில் வந்த கணக்கு, மாறாத விதி அல்ல.

எண்ணுவதற்கு எது புல், எது களை என்று தெரிய வேண்டும். பெர்முடா நாற்றின் இலை மிக மெல்லியது, இரண்டு மூன்று மில்லிமீட்டர் அகலம்தான் இருக்கும். இலையும், தண்டைச் சுற்றியிருக்கும் அதன் உறையும் சேருமிடத்தில் வெள்ளை மயிர் வரிசை ஒன்று தெரியும். நான்காவது வாரம் வாக்கில் தரையோடு கொடி ஓடத் தொடங்கும். காக்காக்கால் புல் அதைவிட அகலமான இலையோடு, நடுவிலிருந்து நாலாபக்கமும் படுத்து வளரும், இலை ஓரத்தில் நீள மயிர் இருக்கும். கோரையைக் கண்டுபிடிக்கக் கண்ணே வேண்டாம். பூத்தண்டை இரண்டு விரலுக்கு நடுவில் உருட்டிப் பாருங்கள், முக்கோணமாகத் தட்டும். பூத்தண்டு வராத இளசு என்றால் இலைகள் மூன்று வரிசையில் அடுக்கி வந்திருக்கும், மேலே பளபளப்பு இருக்கும்.

களைகளை நெட்டையாக நிமிர்பவை, தரையோடு படுப்பவை என்று பிரித்துப் பார்த்தால் பாதி வேலை குறைந்துவிடும். குப்பைமேனி, பார்த்தீனியம், நாயுருவி, தும்பை எல்லாம் குருத்து உச்சியில் இருக்கிற செடிகள். வெட்டும் இயந்திரம் இரண்டு மூன்று முறை அவற்றின் தலையை எடுத்தாலே பெரும்பாலானவை தேறாது. பார்த்தீனியத்தை மட்டும் பூக்கும் முன் கையுறை போட்டுப் பிடுங்கிவிடுவது நல்லது, சிலருக்குத் தோலில் தடிப்பும் அரிப்பும் வரும். நெருஞ்சி, சாரணை, மூக்கிரட்டை, அம்மான் பச்சரிசி, தரைக்கீரை இவை கத்திக்குக் கீழே படுத்துத் தப்பிவிடும். கையால் எடுக்க வேண்டியவை இவைதான், அதனால் உங்கள் நேரத்தை இவற்றுக்கே வைத்துக்கொள்ளுங்கள். நெருஞ்சி முளைத்து மூன்று நாலு வாரத்தில் மஞ்சள் பூ விடும், அதற்குப் பிறகு முள்ளாகி உதிர்ந்தால் அந்த முள்ளுக்குள் இருக்கும் விதைகளில் சில அடுத்தடுத்த ஆண்டுகளிலும் முளைக்கும். எனவே முதல் பூவைப் பார்க்கும் நாளே கடைசி நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். தரைக்கீரையைப் பிடுங்கி அங்கேயே போட்டால் ஈர மண்ணில் தண்டு மறுபடி வேர் விடும், கூடையில் போட்டு வெளியே கொண்டுபோக வேண்டும்.

சீமைக்கருவேலத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும், ராமநாதபுரத்தில் புல்வெளி போடுபவர் அனைவருக்கும் அது வரும். இரண்டு விதையிலை தெரியும்போதே பிடுங்குங்கள். ஆணிவேர் மேல் செடியைவிட வேகமாக இறங்கும், ஒரு மாதம் விட்டால் இழுத்தால் நடுவில் அறும். விதையிலைக்கு மேலே வெட்டினால் அந்தக் கணுவிலிருந்து இரண்டு கிளையாக வரும். புல்வெட்டும் இயந்திரம் அதைக் கொல்லாது, புதராக்கிவிடும். காலில் முள் குத்திய பிறகுதான் அது அங்கே இருப்பதே தெரியும்.

பிடுங்குவதிலும் ஒரு முறை இருக்கிறது. தண்ணீர் விட்டு ஒரு மணி நேரம் கழித்து மண் பதமாக இருக்கும்போது இறங்குங்கள். ஒரு பலகையைப் போட்டு அதன்மேல் உட்காருங்கள், கால் அழுத்தத்தில் நாற்று நசுங்காது. களையின் இரு பக்கமும் இரண்டு விரலால் மண்ணை அழுத்திப் பிடித்துக்கொண்டு மற்ற கையால் இழுத்தால் பக்கத்துப் புல் கூடவே வராது. புல் நெருக்கமாக இருக்கும் இடத்தில் இழுக்கவே வேண்டாம். களைக்கொத்தின் முனையையோ பழைய கத்தியையோ மண்ணுக்குள் ஒரு சென்டிமீட்டர் விட்டு அறுத்துவிடுங்கள். ஓராண்டுக்குள் விதை விட்டு மடியும் ஆண்டுக் களைகளுக்கு அது போதும். அகன்ற இலைக் களை சதுர அடிக்கு நாலைந்து என்ற அளவுக்குக் குறைந்தால் நிறுத்திக்கொள்ளலாம். ஒன்றுகூட இருக்கக் கூடாது என்று தினமும் மிதித்தால் கெடுவது நாற்றுதான்.

கோரைக்கு இந்தக் கணக்கு எதுவும் பொருந்தாது. மேலே தெரிவது இலை மட்டும், உயிர் கீழே கிழங்கில் இருக்கிறது. இழுத்தால் இலை கையோடு வரும், கிழங்கு இருந்த இடத்தில் இருந்து மறுபடி துளிர்க்கும். கிழங்குகள் பெரும்பாலும் மேல் 15 சென்டிமீட்டரில் சங்கிலியாகக் கோத்துக் கிடக்கும், மணற்பாங்கான இடத்தில் இன்னும் ஆழமாகவும் போகும். புதிதாக முளைத்த கோரை மூன்று நாலு வாரத்தில் அடுத்த கிழங்கைக் கட்டத் தொடங்கும். அதனால் செய்யக்கூடியது, பத்துப் பன்னிரண்டு நாளுக்கு ஒரு முறை மண் மட்டத்துக்குச் சற்றுக் கீழே அறுத்துக்கொண்டே இருப்பது. புதுக் கிழங்கு கட்ட விடாமல், பழைய கிழங்கின் சேமிப்பைச் செலவழிக்க வைக்கிற வேலை இது. இதனால் கோரை ஒழிந்துவிடும் என்று சொன்னால் அது பொய். புல் மூடும் வரை கோரை தலையெடுக்காமல் பார்த்துக்கொள்ளலாம், அவ்வளவுதான். நாற்றுப் பருவத்தில் கோரையைக் கிழங்கோடு தோண்டப் போனால் சுற்றியுள்ள ஓர் அடி புல்லும் போகும். தோண்டுவதை வெற்றிடமாக உள்ள மூலைகளில் மட்டும் செய்யுங்கள்.

முதல் வெட்டை யாரும் சரியான நேரத்தில் செய்வதில்லை. பாவம், இப்போதுதானே முளைத்தது என்று விட்டுவிடுகிறார்கள். புல் 5 முதல் 6 சென்டிமீட்டர் உயரம் வந்ததும் 4 சென்டிமீட்டருக்கு வெட்டுங்கள். கையால் தள்ளும் உருளை இயந்திரமே போதும், ஆனால் கத்தி கூராக இருக்க வேண்டும். மழுங்கியிருந்தால் வெட்டுவதற்குப் பதில் நாற்றை வேரோடு இழுத்துவிடும். மண் சொதசொத என்று இருக்கும் நாளில் இறங்க வேண்டாம். எந்த வெட்டிலும் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்காதீர்கள். பிறகு வாரம் ஒரு முறை, மெல்ல மெல்ல 3 சென்டிமீட்டருக்குக் கொண்டுவாருங்கள். தாழ வெட்டினால் பெர்முடா பக்கவாட்டில் கொடி விடும், அந்தக் கொடிதான் களைக்கு இடமில்லாமல் செய்வது. வெட்டிய களையில் விதைக்கதிர் இருந்தால் வாரி எடுத்துவிடுங்கள்.

தண்ணீரும் இப்போது மாற வேண்டும். விதைத்த முதல் இரண்டு வாரம் மேல்மண் காயாமல் நாளுக்கு மூன்று நாலு முறை பூவாளியில் தெளிப்பது சரி. மூன்று வாரத்துக்குப் பிறகும் அப்படியே தெளித்தால் களை விதைகளுக்குத்தான் வசதி. மழை இல்லாத நாளில் ஒரு முறை, விரலளவு ஆழம் நனையும்படி விடுங்கள், ஐந்தாவது வாரத்தில் ஒன்றுவிட்டு ஒரு நாள் போதும். உரத்தைக் களையெடுத்த பிறகே கொடுங்கள், முதலில் கொடுத்தால் சாரணைக்குத்தான் சோறு போடுவீர்கள். நம் கடலோர மணல் சுண்ணாம்புத் தன்மை உள்ளது, அதனால் யூரியாவைவிட அமோனியம் சல்பேட் பொருத்தம். முதல் வெட்டுக்குப் பிறகு 1,000 சதுர அடிக்கு 1 கிலோ, ஈரமில்லாத இலைமேல் தூவி உடனே தண்ணீர் விட வேண்டும். உங்களுக்கு ஒன்றரைக் கிலோ. நாலு வாரம் கழித்து இன்னொரு முறை.

இனி, நீங்கள் கேட்காத ஆனால் எனக்கு அதிகம் கவலை தருகிற விஷயம் உப்பு. பெர்முடா உப்பைத் தாங்கும் என்று சொல்லித்தான் விதையை விற்கிறார்கள். வளர்ந்த புல்லுக்கு அது உண்மை, முளைக்கும் நாற்றுக்கு அந்தத் தாங்கும் சக்தி வெகு குறைவு. சில திட்டுகளில் புல்லே இல்லாமல், உமரியோ சதைப்பற்றான இலையுள்ள செடிகளோ மட்டும் வந்திருந்தால் அங்கே பிரச்சினை களை அல்ல, உப்பு. களையைப் பிடுங்கினாலும் அங்கே புல் வராது. உச்சிப்புளி, மண்டபம் பக்கம் மணலுக்குள் நல்ல தண்ணீர் ஊற்று பல இடங்களில் கிடைக்கிறது. உங்கள் பக்கம் ஒரு கிணறு நல்ல தண்ணீர், பக்கத்துக் கிணறு உப்பு என்று இருக்கும். கண்ணால் பார்த்து இதைச் சொல்ல முடியாது, தண்ணீரைச் சோதிக்கத்தான் வேண்டும். தண்ணீரில் கரைந்த உப்பைக் காட்டும் கையடக்க டிடிஎஸ் மீட்டரில் 1,300 பிபிஎம்முக்குள் இருந்தால் நாற்றுக்குக் கவலையில்லை. 2,500ஐத் தாண்டினால் அந்தத் தண்ணீரை நம்பி விதைக்க வேண்டாம். நடுவில் இருந்தால் வாரம் ஒரு முறை மற்ற நாளைப் போல மூன்று மடங்கு தண்ணீர் விட்டு உப்பை வேருக்குக் கீழே தள்ளுங்கள். உப்புத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிப்பதுதான் மோசம், நீர் ஆவியாகி உப்பு மேலேயே தங்கும். மண்ணின் உப்புக்கும் காரத்துக்கும் ராமநாதபுரத்திலேயே வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கடலோர உவர் ஆராய்ச்சி மையம் இருக்கிறது, அங்கே கேளுங்கள். இன்னொன்று: களைக்கு உப்பும் வினிகரும் கரைத்து ஊற்றுங்கள் என்று ஒரு குறிப்பு சுற்றுகிறது. ஏற்கெனவே உப்போடு மல்லுக்கட்டும் மண்ணில் தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

மருந்துக்கு வருகிறேன். நான்கு முறை வெட்டி, தரை முக்கால்வாசி மூடி, எட்டுப் பத்து வாரம் ஆன பிறகும் அகன்ற இலைக் களை தொல்லை கொடுத்தால் 2,4-டி அமைன் உப்பு வகையைப் பயன்படுத்தலாம். எஸ்டர் வகை வேண்டாம், அது வெயிலில் ஆவியாகி அடுத்த வயலுக்குப் போகும். பருத்தி இந்த மருந்தின் வாடை பட்டாலே இலை சுருண்டுவிடும், மிளகாயும் முருங்கையும் பப்பாளியும் தாங்காது. சுற்றிலும் பருத்தியும் முண்டு மிளகாயும் போடும் ஊரில் உங்கள் முற்றத்துக் களைக்காக அயலார் வயல் கெடக் கூடாது. காலை ஆறு முதல் எட்டுக்குள், இலை அசையாத நாளில், முனையைத் தாழ்த்திக் களைமேல் மட்டும் தெளியுங்கள். முடிந்தால் திடல் முழுக்க அடிக்காமல் திட்டுகளுக்கு மட்டும். தெளிப்பானைக் கழுவிய தண்ணீரைக் கடலுக்குப் போகும் வாய்க்காலில் ஊற்ற வேண்டாம். கோரைக்கு ஹேலோசல்ஃப்யூரான் மெத்தில் 75 சதக் குருணை இருக்கிறது. கரும்பில் ஏக்கருக்கு 36 கிராம் என்பது அதன் அளவு, உங்கள் 1,500 சதுர அடிக்குக் கணக்கிட்டால் ஒன்றேகால் கிராம்கூட வராது. நகை நிறுக்கும் தராசு இல்லாமல் இதைத் தொடக் கூடாது. வேர் பிடித்த பெர்முடா இதைத் தாங்கும், கோரை இரண்டு மூன்று வாரத்தில் மெல்ல மஞ்சளாகிச் சாகும், ஆழக் கிழங்கிலிருந்து திரும்பவும் வரும். கடையில் கிடைப்பவை பெரும்பாலும் பயிர்களுக்கென்று பதிவானவை. டப்பாவில் ஒட்டிய தாளில் எந்தப் பயிர், எந்த அளவு என்று படித்துவிட்டு வேளாண் அலுவலரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

எண்ணிப் பார்த்து மறுபடி விதைப்பது என்று முடிவானால், அதற்கு நம் பருவமே பெரிய துணை. புரட்டாசி, ஐப்பசியில் விதைத்ததுதான் உங்கள் தொல்லையின் வேர். இங்கே ஆண்டு மழையில் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பர் வரை கொட்டுகிறது, மண்ணில் காத்திருந்த களை விதை எல்லாம் அந்த ஈரத்தில்தான் எழும். அந்த மழையைக் களை முளைக்கவே விட்டுவிடுங்கள். திடலை இப்போதே மட்டம் செய்து சும்மா விடுங்கள். கார்த்திகையில் முளைத்ததை மண்வெட்டியாலோ சுரண்டியாலோ மேலாக, இரண்டு சென்டிமீட்டருக்கு மேல் போகாமல் செதுக்குங்கள். மார்கழிக் கடைசியில் இன்னொரு முறை. ஆழமாகக் கொத்தினால் கீழே தூங்கும் விதைகளை மேலே கொண்டுவந்து வேலையை முதலிலிருந்து தொடங்குவீர்கள். மழை மேல்மண்ணின் உப்பையும் கழுவியிருக்கும், கிணறும் நிறைந்திருக்கும். தை பிற்பாதியில் விதைத்தால் மாசி, பங்குனி வெயிலில் பெர்முடா ஓடும், களை சோர்ந்திருக்கும். ஆடி மாதத்தில் விதைக்க ஆசைப்பட வேண்டாம், அந்தக் காற்றில் மேல்மண் ஒரு மணி நேரம்கூட ஈரமாக நிற்காது.

கோரை அடர்ந்த திடல் என்றால் தைக்கு அவசரப்படாமல் ஓர் ஆண்டு பொறுப்பது நல்லது. சித்திரையில் ஓர் அடி ஆழம் புரட்டி, தண்ணீர் காட்டாமல் மூன்று வாரம் வெயிலில் போடுங்கள். மேலே வந்த கிழங்கு காய்ந்து சாகும், கைக்குக் கிடைப்பதைப் பொறுக்கிவிடலாம். தெளிந்த பாலித்தீன் தாளை ஈர மண்மேல் இறுக்கி விரித்து, ஓரங்களை மண்ணுக்குள் புதைத்து நாலு முதல் ஆறு வாரம் விடுவது ஆண்டுக் களை விதைகளுக்கு நன்றாக வேலை செய்யும். ஆழத்துக் கோரைக் கிழங்குக்கு அது அரைகுறை. கிளைபோசேட் என்ற களைக்கொல்லி பச்சையாக வளரும் கோரையின் கிழங்கு வரை போகும், விதையை ஒன்றும் செய்யாது. 2022 அக்டோபரில் மத்திய அரசு அதன் பயன்பாட்டைப் பூச்சிக் கட்டுப்பாட்டு நிறுவனத்தார் வழியாக மட்டும் என்று கட்டுப்படுத்தி ஆணை வெளியிட்டது, ஆகவே நீங்களே வாங்கி அடிக்கும் மருந்தாக அதைச் சொல்ல மாட்டேன்.

நிலத்துக்குள் வெளியிலிருந்து என்ன கொண்டுவருகிறீர்கள் என்பதையும் பாருங்கள். ஆடு சீமைக்கருவேல நெற்றைத் தின்னும், விதை செரிக்காமல் புழுக்கையோடு வரும். மக்காத ஆட்டெருவை ஒரு வண்டி அடித்தால் நீங்களே காடு விதைத்த மாதிரி. சூடேறி மக்கும்படி குவித்து, இரண்டு மூன்று முறை புரட்டி, கை வைத்தால் குளிர்ந்திருக்கும் வரை காத்திருந்த எருவையே போடுங்கள். கண்மாய் வண்டல் சத்தானதுதான், அதோடு கோரைக் கிழங்கும் வரும். இரண்டுக்கும் பதிலாகக் கழுவி மக்கவைத்த தென்னை நார்க்கழிவு நம் பக்கம் சுலபமாகக் கிடைக்கும், களை விதையும் குறைவு. கழுவாதது உப்பைக் கொண்டுவரும். வேலியையும் அடைத்துவிடுங்கள், ஆடு உள்ளே வந்து போனாலே விதை விழும்.

விதைக்கும் நாளில் 1,000 சதுர அடிக்கு 1 கிலோ டிஏபி மேலாகக் கிளறிவிட்டு, அரை முதல் முக்கால் கிலோ விதையை ஐந்து மடங்கு மணலோடு கலந்து, பாதியைக் கிழமேலாகவும் பாதியைத் தென்வடலாகவும் தூவுங்கள். ஐந்து மில்லிமீட்டருக்கு மேல் மூட வேண்டாம், ஆழம் போன விதை முளைக்கத் திணறும், அந்த இடைவெளியில் களை நுழையும். இப்போது இருக்கும் நாற்றுகளில் நன்றாகக் கொடி விட்டவற்றை அழிப்பதற்கு முன் களை இல்லாத ஒரு மூலைக்கு மாற்றி வளர்த்து வையுங்கள். தையில் விதை முளைக்காத திட்டுகளில் அந்தக் கொடியை மூன்று கணு உள்ள துண்டுகளாக வெட்டி, இரண்டு கணு மண்ணுக்குள் இருக்கும்படி அரையடி இடைவெளியில் நட்டால் ஆறு எட்டு வாரத்தில் மூடிவிடும்.